ரோபோ வக்யூமின் கண்: ஃபிலிம் கேமரா போட்ட தூரக் கணக்கு

வீடு கூட்டும் ரோபோ வாங்கப் போகிறவரை அட்டைப்பெட்டியே குழப்பிவிடுகிறது. ஒன்றில் ‘லைடார் நேவிகேஷன்’, அடுத்ததில் ‘வி-ஸ்லாம்’, இன்னொன்றில் ‘3டி ஸ்ட்ரக்சர்டு லைட்’, அதற்கும் மேலே ‘ஏஐ விஷன்’. கேமரா இருந்தால் நல்லதா, இல்லாவிட்டால் நல்லதா என்று கடைக்காரரைக் கேட்டால் ‘மெகாபிக்சல் அதிகம் சார்’ என்பார். அந்த எண்ணுக்கும் ரோபோ கட்டிலுக்கடியில் சிக்கிக்கொள்வதற்கும் பெரிய சம்பந்தம் கிடையாது.

ரோபோவுக்குத் தெரியவேண்டியது, எதிரே இருப்பது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, தான் இப்போது எங்கே நிற்கிறோம் என்ற இரண்டுதான். இதில் முதல் கேள்விக்குக் கேமராத் தொழில் 1930-களிலேயே ஒரு விடை கண்டுவிட்டது. இன்றைய ரோபோக்களில் பெரும்பாலானவை ஓட்டுவது அதே கணக்கைத்தான். அன்று அந்தக் கணக்கு எங்கெல்லாம் தவறியதோ, இன்றும் கிட்டத்தட்ட அங்கேதான் தவறுகிறது.

படத்தில் தூரம் கிடையாது

லென்ஸ் வழியாக விழும் ஒவ்வொரு புள்ளியும் ‘இந்தத் திசையிலிருந்து வந்தேன்’ என்று மட்டும் சொல்லும். எவ்வளவு தூரத்திலிருந்து என்று சொல்லாது. 2 மீட்டரில் உள்ள ஓரடிப் பெட்டியும் 4 மீட்டரில் உள்ள ஈரடிப் பெட்டியும் ஃபிலிமில் ஒரே அளவில் விழும்.

ஃபிலிம் காலத்தில் ஃபோகஸ் வைக்கத் தூரம் தேவைப்பட்டது. 35 மி.மீ. ஃபிலிம் கேமராவில் 50 மி.மீ. லென்ஸை எஃப் 2 என்ற அகலத் திறப்பில், 2 மீட்டருக்கு வைத்தால் தெளிவாக விழுவது சுமார் 1.91 மீட்டரிலிருந்து 2.10 மீட்டர் வரைதான். எஃப் 8-க்கு மூடினால் அது 1.68 முதல் 2.47 வரை விரியும். அதனால்தான் க்ளிக் III போன்ற எளிய கேமராக்கள் சிறிய திறப்பை வைத்துக்கொண்டு, தூரம் பார்க்கும் வேலையையே தவிர்த்துவிட்டன. வெயிலில் அது போதும். மங்கிய கூடத்தில், லென்ஸை முழுக்கத் திறந்து எடுக்கிறவருக்குத் தூரம் கையளவு பிசகினாலும் படம் போச்சு.

இரண்டு ஜன்னல், ஒரு முக்கோணம்

கட்டைவிரலை நீட்டி, ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணால் பார்த்தால் விரல் பின்னணியில் இடம் மாறுவதுபோலத் தெரியும். பள்ளி ஆய்வுக்கூடத்தில் இடமாறு தோற்றப் பிழை என்று படித்தது இதைத்தான். அளக்கத் தெரிந்தவருக்கு அந்தப் பிழையே தூரம் தரும்.

1932-இல் வந்த லைக்கா II இதை லென்ஸோடு இணைத்தது. கேமரா நெற்றியில் இரண்டு சிறு ஜன்னல்கள். ஒன்றின் வழியே வரும் காட்சி பாதி ரசம் பூசிய கண்ணாடியை ஊடுருவி நேராகக் கண்ணுக்கு வரும். மற்றதன் வழியே வருவது திரும்பக்கூடிய ஒரு கண்ணாடியிலோ முப்பட்டகத்திலோ பட்டு, அதே பாதி ரசக் கண்ணாடியில் எதிரொளித்து முதல் காட்சிமேல் விழும். லென்ஸைத் திருகும்போது அதன் பின்விளிம்பு ஒரு நெம்புகோலைத் தள்ளும். அது இரண்டாம் பாதையின் கோணத்தை மாற்றும். இரண்டு காட்சியும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் கணத்தில் லென்ஸும் சரியான தூரத்தில் நிற்கும். இதுதான் ரேஞ்ச்ஃபைண்டர்.

இரு ஜன்னல்களும் எதிரே உள்ள பொருளும் சேர்ந்தால் ஒரு முக்கோணம். அதில் இரு ஜன்னல்களுக்கும் இடையிலான தூரத்துக்கு அடிக்கோடு என்று பெயர். அது நீளமாக நீளமாகத் தூரம் துல்லியமாகத் தெரியும். லைக்கா எம்6-இல் அது 69.25 மி.மீ. ஆனால் வ்யூஃபைண்டர் காட்சியை 0.72 மடங்காகச் சுருக்கிக் காட்டுவதால், கண்ணுக்குப் பயன்படும் அடிக்கோடு சுமார் 49.9 மி.மீ. தான். 1954-இன் எம்3 காட்சியைக் கிட்டத்தட்டச் சுருக்காமலே காட்டும். அதனால் 60 மி.மீ.க்கு மேல் கிடைக்கிறது. ஃபோகஸில் கூடுதல் துல்லியம் கேட்கும் 90 மி.மீ. லென்ஸ் வைத்திருப்பவர்கள் இன்றும் எம்3-ஐத் தேடிப்போவதற்கு இந்தப் பத்துப் பன்னிரண்டு மில்லிமீட்டர் ஒரு காரணம்.

பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா கையில் வந்தால் இப்படிச் சரிபார்க்கலாம்:

1. லென்ஸை முடிவிலிக்குத் திருகி, ஒரு கிலோமீட்டராவது தள்ளியிருக்கும் கோபுரத்தையோ செல்போன் டவரையோ பாருங்கள். இரு காட்சியும் பக்கவாட்டில் விலகி நின்றால் முடிவிலித் திருகு நகர்ந்திருக்கிறது.
2. மேலும் கீழுமாக விலகி நின்றால் அது தனிக் கோளாறு. அதற்குத் தனித் திருகு உண்டு. இதைச் சரிசெய்யாமல் முதலாவதைத் தொட்டுப் பயனில்லை.
3. அடுத்து ஒரு மீட்டரில் சோதியுங்கள். டேப்பைக் கேமராவின் மேல்தகட்டில் உள்ள ஃபிலிம் தளக் குறியிலிருந்து பிடிக்கவேண்டும், லென்ஸ் முனையிலிருந்து அல்ல.
4. பின்கதவைத் திறந்து, ஃபிலிம் ஓடும் தண்டவாளத்தின்மேல் மங்கல் கண்ணாடித் துண்டை வைத்து, ஷட்டரை ‘பி’யில் (பொத்தானை அழுத்தியிருக்கும்வரை திறந்திருக்கும் நிலை) திறந்துபிடித்து, லென்ஸை முழுத் திறப்பில் வையுங்கள். ரேஞ்ச்ஃபைண்டர் சொல்வதும் கண்ணாடியில் விழுவதும் ஒத்துப்போகவேண்டும்.
5. இரண்டாம் காட்சி மங்கிப்போயிருந்தால் பாதி ரசம் தேய்ந்துவிட்டது. வ்யூஃபைண்டரின் முன்கண்ணாடியில், நடுப்பகுதிக்கு நேராகச் சிறு கறுப்பு டேப் ஒட்டினால் நேர்க்காட்சி இருண்டு இரண்டாவது எடுப்பாகத் தெரியும். தற்காலிக வைத்தியம்தான், ஆனால் வேலை செய்யும்.

எந்தப் பழுதும் இல்லாத கேமராவும் சில இடங்களில் ஏமாறும். வெள்ளைச் சுவரில் பொருத்துவதற்கு அடையாளம் இருக்காது. ஜன்னல் கம்பி வரிசையில் ஒரு கம்பியை அடுத்த கம்பியோடு பொருத்திவிட்டு ‘சரி’ என்று நினைத்துவிடலாம். கிடைமட்டக் கோடு மட்டும் இருந்தால், ஜன்னல்களும் கிடைமட்டமாக இருப்பதால், கோடு தன்மேலேயே வழுக்கிப் போகும், விலகல் தெரியாது. அனுபவசாலிகள் கேமராவைச் செங்குத்தாகத் திருப்பிப் பார்ப்பது இதனால்தான். இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கு எங்கே பலவீனமாகிறது

கண்ணுக்குப் பதில் இரண்டு டிஜிட்டல் கேமராக்களை வைத்தால் சூத்திரம் இதுதான்:

தூரம் = குவியத் தூரம் × அடிக்கோடு ÷ பெயர்ச்சி

பெயர்ச்சி என்பது ஒரே புள்ளி இரண்டு படங்களிலும் எத்தனை பிக்சல் தள்ளி விழுகிறது என்பது. குவியத் தூரம் (லென்ஸிலிருந்து படம் விழும் தளம் வரையிலான இடைவெளி) பிக்சல் கணக்கில் 600, அடிக்கோடு 6 செ.மீ. என்று வைப்போம். ஒரு மீட்டரில் உள்ள நாற்காலிக்கால் 36 பிக்சல் பெயரும். 3 மீட்டரில் 12. 6 மீட்டரில் 6. பொருத்துவதில் ஒரே ஒரு பிக்சல் குறைந்துபோனால் என்ன ஆகும்? ஒரு மீட்டரில் சுமார் 3 செ.மீ. பிழை, கவலையில்லை. 3 மீட்டரில் 27 செ.மீ. 6 மீட்டரில் உள்ள பொருள் 7.2 மீட்டரில் இருப்பதாகக் கணக்கு வரும். தூரம் இரட்டித்தால் பிழை ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. ரோபோவின் அகலத்துக்குள் அடிக்கோட்டை இஷ்டத்துக்கு நீட்டவும் முடியாது.

இன்னொரு நிபந்தனையும் உண்டு: எந்தப் பிக்சல் எந்தத் திசை என்பது முன்கூட்டியே துல்லியமாகத் தெரிந்திருக்கவேண்டும். 1969-இல் அப்பல்லோ 11 நிலவுக்குக் கொண்டுபோன ஹாசல்பிளாட் கேமராவில், ஃபிலிமுக்குச் சற்று முன்னால் 25 சிலுவைக்குறிகள் பொறித்த கண்ணாடித் தகடு இருந்தது. குறிகளுக்கு இடைவெளி 10 மி.மீ. கழுவும்போது ஃபிலிம் நீண்டாலும் சுருங்கினாலும் படத்தில் விழுந்த சிலுவைகளைக்கொண்டு அதைக் கண்டுபிடித்துவிடலாம். நிலவுப் படங்களில் தெரியும் சின்னச் சின்னக் கூட்டல் குறிகள் அவைதான். டிஜிட்டல் சென்சாரில் பிக்சல் வரிசை நகராது என்பதால் சிலுவை வேண்டாம். ஆனால் லென்ஸ் ஓரங்களில் கோட்டை வளைப்பதை அளந்தாகவேண்டும். அதற்குத் தொழிற்சாலையில் சதுரங்கக் கட்டம் போட்ட பலகையைக் காட்டி அளவுதிருத்தம் செய்கிறார்கள். ரோபோ படிக்கட்டில் விழுந்து கேமரா தாங்கி துளி வளைந்தாலும் அந்த அளவு செல்லாது.

கேமராவிலிருந்து ரோபோவுக்கே போன பாகம்

1970-களின் கடைசியில் கேமராக்கள் தாமாகவே ஃபோகஸ் செய்யத் தொடங்கின. மூன்று நிறுவனங்கள் மூன்று வழியில் போயின.

1977-இன் கோனிகா சி35 ஏஎஃப், இரு ஜன்னல் காட்சியை மின்னணு முறையில் ஒப்பிட்டது. ரேஞ்ச்ஃபைண்டரில் மனிதக் கண்ணுக்குப் பதில் சென்சார், அவ்வளவுதான். 1979-இன் கேனன் ஏஎஃப்35எம் அகச்சிவப்புக் கதிரை அனுப்பி, அது எந்தக் கோணத்தில் திரும்புகிறது என்று பார்த்தது. முக்கோணம் அதேதான், இருட்டிலும் வேலை செய்தது. 1978-இல் போலராய்டு எஸ்எக்ஸ்-70 சோனார் முக்கோணத்தையே விட்டுவிட்டு மீயொலியை அனுப்பி, எதிரொலி வர ஆகும் நேரத்தை அளந்தது.

நேரத்தை அளக்க ஒலி வசதியானது. ஒரு மீட்டர் போய்த் திரும்ப ஒலிக்குச் சுமார் 5.8 மில்லிவினாடி ஆகும், ஒளிக்கு 6.7 நானோவினாடிதான். அக்காலத்து மலிவான மின்சுற்று முன்னதை எளிதாக எண்ணிவிடும், பின்னதற்கு வழியில்லை. அந்தப் போலராய்டு மீயொலிக் கருவி தனியாகவும் விற்பனைக்கு வந்ததால், 1980-களிலும் 90-களிலும் ஆய்வுக்கூட ரோபோக்கள் பலவற்றின் இடுப்பைச் சுற்றி அது வளையமாகப் பதிந்திருந்தது. கேமராப் பாகம் ஒன்று நேரடியாக ரோபோவுக்குக் குடிபெயர்ந்த கதை இது.

குறைகளும் கூடவே வந்தன. ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே உள்ளவரைப் படமெடுக்க முயன்றால் கேமரா கண்ணாடிக்கே ஃபோகஸ் வைக்கும். வழவழப்பான சுவரைச் சாய்கோணத்தில் நெருங்கும் ரோபோவுக்கு எதிரொலி வேறு பக்கம் சிதறிப்போய், சுவரே இல்லாததுபோலத் தெரியும்.

நகர்வதே அடிக்கோடு

கேமராவை மட்டும் நம்பி ஒரு வண்டியை ஓட்டும் முயற்சி ஸ்டான்ஃபோர்டில் ஹான்ஸ் மொராவெக் 1979-இல் செய்தது. ‘ஸ்டான்ஃபோர்டு கார்ட்’ என்ற அந்த வண்டியின் தொலைக்காட்சிக் கேமரா ஒரு குறுக்குத் தண்டவாளத்தில் நகர்ந்து 9 படங்கள் எடுக்கும். இடைவெளி 6.5 செ.மீ., ஆக மொத்த அடிக்கோடு அரை மீட்டருக்குச் சற்று அதிகம். கணினி கணக்குப் போட்டதும் வண்டி ஒரு மீட்டர் நகரும், பிறகு நிற்கும். ஒவ்வொரு மீட்டருக்கும் 10 முதல் 15 நிமிடம். 20 மீட்டர் பாதையைக் கடக்க சுமார் 5 மணி நேரம். வெளியே வெயிலில் ஓட்டியபோது, கணக்கு முடிவதற்குள் நிழல்கள் நகர்ந்துவிட்டதால் குழம்பியது.

இன்று ஒரே கேமரா போதும், ஏனென்றால் ரோபோ நகர்கிறது: இந்த இடத்தில் எடுத்த படமும் 10 செ.மீ. தள்ளி எடுத்த படமும் இரண்டு ஜன்னல்களுக்குச் சமம். இதில் வரைபடமும் இருப்பிடமும் ஒருசேரக் கணக்கிடப்படுவதுதான் ஸ்லாம். கேமராவால் செய்தால் வி-ஸ்லாம். வேலை நடக்கும் வரிசை:

1. படத்தில் எளிதில் அடையாளம் காணக்கூடிய மூலைகளைப் பொறுக்குதல்: காலண்டர் முனை, சுவிட்ச் போர்டு, கதவு நிலையின் மேல்மூலை. ஒவ்வொரு மூலையும் ஒரு சிறு குறியீடாகச் சேமிக்கப்படும். பரவலாகப் பயன்படும் ‘ஆர்ப்’ முறையில் அது 256 பிட், அதாவது 32 பைட்.
2. அடுத்த படத்தில் அதே குறியீடுகளைத் தேடிப் பொருத்துதல்.
3. பொருந்திய புள்ளிகள் நகர்ந்த விதத்திலிருந்து, தான் எப்படி நகர்ந்தோம் என்று ஊகித்தல். மற்றவற்றோடு ஒத்துப்போகாத புள்ளிகள், உதாரணமாகச் சுழலும் மின்விசிறி இறக்கை, இந்தக் கட்டத்தில் கழித்துக்கட்டப்படும்.
4. முக்கோணக் கணக்கால் ஒவ்வொரு மூலையின் இடத்தையும் குறித்தல்.
5. முன்பு பார்த்த இடத்துக்குத் திரும்பியதும் ‘இது அதே இடம்’ என்று கண்டுகொண்டு, வழியில் சேர்ந்த பிழையைப் பாதை முழுவதும் பங்கிட்டுத் திருத்துதல்.

ஐந்தாவது தவறினால்தான் ரோபோவின் கைபேசிச் செயலியில் ஒரே வீட்டுக்கு இரண்டு கூடம் முளைக்கும்.

ஒற்றைக் கேமராவுக்கு இரண்டு பிறவிக்குறைகள் உண்டு. முதலாவது, அளவு தெரியாது. பொம்மை வீட்டில் ஒரு செ.மீ. நகர்ந்ததும் நிஜ வீட்டில் ஒரு மீட்டர் நகர்ந்ததும் படத்தில் ஒன்றுபோலவே இருக்கும். எனவே எத்தனை செ.மீ. ஓடினோம் என்பதைச் சக்கரத்தின் சுழற்சி எண்ணியிடம்தான் கேட்கவேண்டும். கம்பளத்தில் சக்கரம் வழுக்கினால் அந்த எண்ணும் பொய்யாகும். இரண்டாவது, நின்ற இடத்தில் சுழன்றால் அடிக்கோடே இல்லை. அறைக்குள் நுழைந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ‘பார்த்துவிட்டேன்’ என்று ரோபோ சொல்ல முடியாது. முன்னும் பின்னும் போயாகவேண்டும்.

2015-இல் வந்த ரூம்பா 980 மேல்தட்டில் சாய்வாகப் பதித்த ஒரு கேமராவால் இதைச் செய்தது. டைசனின் ‘360 ஐ’ (Eye) ரோபோ, சுற்றிலும் பார்க்கும் லென்ஸை உச்சியில் வைத்தது. கேமரா மேல்நோக்கி இருப்பதற்குக் காரணம் உண்டு: தரையில் நாற்காலியும் செருப்பும் தினமும் இடம் மாறும், உத்தரமும் சுவரின் மேல்பாதியும் மாறுவதில்லை.

ஷட்டர் பழைய தொல்லைதான்

திரை ஷட்டர் கொண்ட ஃபிலிம் கேமராக்களில் வேகம் கூடும்போது ஃபிலிம் முழுவதும் ஒரே கணத்தில் ஒளி படாது. ஒரு பிளவு ஓரத்திலிருந்து ஓரத்துக்கு ஓடும். அது ஓடுவதற்குள் பொருள் நகர்ந்தால் உருவம் சாயும். ஆரம்பகாலக் கார்ப் பந்தயப் படங்களில் சக்கரம் முட்டை வடிவத்தில் சாய்ந்து நிற்பது இதனால்தான்.

மலிவான டிஜிட்டல் சென்சாரும் படத்தை வரிவரியாகவே படிக்கிறது. முழுப் படத்தையும் படிக்க 1/30 வினாடி என்று வைத்து, ரோபோ வினாடிக்கு 90 பாகை வேகத்தில் திரும்பினால், முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் இடையில் 3 பாகை திரும்பியிருக்கும். 90 பாகைப் பார்வையை 640 பிக்சலில் அடக்கும் கேமராவில் பாகைக்குச் சுமார் 7 பிக்சல்; ஆக 21 பிக்சல் சாய்வு. ஒரு பிக்சல் பிழையே 3 மீட்டரில் 27 செ.மீ. காட்டியது என்பதை இங்கே சேர்த்துப் பாருங்கள். முழுப் படத்தையும் ஒரே கணத்தில் பிடிக்கும் குளோபல் ஷட்டர் சென்சார் இதைத் தீர்க்கும், விலைதான் கூடுதல்.

இருட்டு இன்னொரு பக்கம் நெருக்குகிறது. மாலை வெளிச்சத்தில் 1/30 வினாடி திறந்துவைத்தால் திரும்பும்போது அதே 21 பிக்சலுக்குப் படம் கலங்கும். 1/200-க்குக் குறைத்தால் கலங்கல் 3 பிக்சல்தான், ஆனால் ஒளி ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காகக் குறைந்து, படத்தில் புள்ளி புள்ளியான இரைச்சல் கூடும். விளக்கணைத்த வீட்டில் வி-ஸ்லாம் மட்டும் உள்ள ரோபோ தடுமாறுவதற்கு மென்பொருளைக் குறைசொல்ல முடியாது.

லேசர் கோபுரம்

ரோபோ முதுகில் சுழலும் சிறு கோபுரம் சந்தைக்கு வந்தது 2010-இல், நீட்டோ எக்ஸ்வி-11 மூலம். அதற்கு அடிப்படையான வடிவமைப்பை 2008-இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை விவரித்தது: 6 மீட்டர் வரை 3 செ.மீ. துல்லியம், 360 பாகைக்கும் பாகைக்கு ஒரு புள்ளி, வினாடிக்கு 10 சுற்று, தயாரிப்புச் செலவு 30 டாலருக்குள். உள்ளே இருந்தது ஒரு லேசர், பக்கத்தில் சிறு தூரம் தள்ளி ஒரு கேமராச் சென்சார். லேசர் புள்ளி சென்சாரில் எங்கே விழுகிறது என்று பார்த்துத் தூரம் சொல்லும். ஆக, கேமரா இல்லை என்று நினைத்து வாங்கிய ரோபோவிலும் லைக்காவின் முக்கோணம் இருந்தது. பெட்டியில் ‘லைடார்’ என்று போட்டிருந்தால் உள்ளே இருப்பது இந்த முக்கோண வகையாகவும் இருக்கலாம், ஒளி போய்வரும் நேரத்தை அளக்கும் வகையாகவும் இருக்கலாம். பின்னதில் தூரம் கூடும்போது பிழை அப்படித் தாவி ஏறாது.

லேசருக்கு இருட்டு பொருட்டல்ல, வெள்ளைச் சுவரும் பிரச்சினையல்ல. சுவரில் அடையாளம் இல்லாவிட்டால் அது தானே ஒரு புள்ளியைப் போட்டுக்கொள்கிறது. ஆனால் அது பார்ப்பது தரைக்கு மேலே ஒரே மட்டத்தில், ரோபோவின் உச்சி உயரத்தில் மட்டும்தான். அதற்குக் கீழே கிடக்கும் சார்ஜர் வயர் அதற்கு இல்லவே இல்லை. அந்த ஓட்டையை அடைக்கத்தான் முன்பக்கத்தில் ‘ஸ்ட்ரக்சர்டு லைட்’: தரையை நோக்கி லேசர்க் கோடு போட்டு, அது எங்கே உடைகிறது என்று அகச்சிவப்புக் கேமராவால் பார்ப்பது. மறுபடியும் அதே முக்கோணம். சில மாடல்கள் இதற்குப் பதில் முன்னால் இரண்டு கேமராக்களை வைத்தன. பக்கம் பக்கமாக வைத்த இரண்டு கேமராவுக்கு, குறுக்கே நேராகக் கிடக்கும் வயரின் தூரத்தைச் சொல்வது கடினம். ரேஞ்ச்ஃபைண்டரில் வழுக்கிய கிடைமட்டக் கோடுதான் அது.

‘ஏஐ கேமரா’ செய்வது வேறு வேலை

வழி கண்டுபிடிக்கும் கேமராவையும் பொருளை அடையாளம் காணும் கேமராவையும் போட்டுக் குழப்புவதால்தான் தனியுரிமை பற்றிய பேச்சு தெளிவில்லாமல் போகிறது. முதலாவதற்கு மூலைக் குறியீடுகள் போதும். படத்தை வைத்திருக்கத் தேவையில்லை. இரண்டாவது செருப்பு, வயர், நாய்க்கழிவு என்று பெயர்சொல்ல வேண்டும். அதற்குப் பயிற்சி தர ஆயிரக்கணக்கான நிஜ வீட்டுப் படங்களை மனிதர்கள் உட்கார்ந்து பார்த்துக் குறியிட்டாகவேண்டும்.

கசிவு நடந்ததும் அந்தக் கட்டத்தில்தான். 2020-இல் ரூம்பா ஜே7-இன் சோதனை ரோபோக்கள் எடுத்த படங்கள், குறியிடும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் வழியாகச் சமூக ஊடகக் குழுக்களுக்குப் போனதை 2022 டிசம்பரில் எம்ஐடி டெக்னாலஜி ரிவ்யூ இதழ் வெளியிட்டது. கழிவறையில் இருந்த ஒரு பெண்ணின் படமும் அவற்றில் இருந்தது. அவை கடையில் விற்றவை அல்ல, ஒப்புதல் தந்தவர்களிடம் கொடுத்த சோதனைக் கருவிகள் என்று ரூம்பா நிறுவனமான ஐரோபோட் விளக்கமளித்தது. அந்த விளக்கத்தை அப்படியே ஏற்றாலும், செயலியில் ‘தயாரிப்பை மேம்படுத்தப் படங்களைப் பகிர்க’ என்ற பொத்தானை அணைத்துவைப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை. மூலைக் குறியீடுகளை மட்டும் சேமிக்கிறோம் என்பதும் முழுப் பாதுகாப்பல்ல. அவற்றிலிருந்தே காட்சியை ஓரளவு மீட்டெடுக்கலாம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

ரோபோ தடுமாறினால் எங்கே பார்ப்பது

1. வரைபடத்தில் இல்லாத அறை முளைத்தால்: லேசர் ரோபோ என்றால் பீரோக் கண்ணாடியைப் பாருங்கள். தரையிலிருந்து தொடங்கும் கண்ணாடியில் லேசர் எதிரொளித்து, கண்ணாடிக்கு ‘உள்ளே’ அறை இருப்பதாகக் காட்டும். கோபுர மட்டத்தில் ஒளி எதிரொளிக்காத தாள் டேப்பை ஒட்டினால் போதும்.
2. பகலில் சரி, இரவில் சரியில்லை என்றால்: வி-ஸ்லாம். கூட்டும் நேரத்தில் ஒரு விளக்கு எரியட்டும். மேல் லென்ஸில் படிந்த தூசியைக் கண்ணாடி துடைக்கும் துணியால் துடையுங்கள்.
3. கறுப்பு விரிப்பின் ஓரத்தில் நின்று பின்வாங்கினால்: வழிகாட்டும் கேமராமேல் குற்றமில்லை. அடியில் உள்ள பள்ளம் காட்டும் அகச்சிவப்புச் சென்சாருக்குக் கறுப்பிலிருந்து ஒளி திரும்பாததால், படிக்கட்டு என்று நினைக்கிறது. படியுள்ள வீட்டில் அந்தச் சென்சாரை மூடி ஒட்டும் வேலை வேண்டாம்.
4. பாதி வேலையில் இடத்தை மறந்தால்: நடுவில் யாரோ தூக்கி வேறிடத்தில் வைத்திருப்பார்கள். சார்ஜ் ஆகும் மேடைக்குக் கொண்டுபோய் வைத்து, அங்கிருந்து தொடங்கவிடுங்கள்.
5. ஒவ்வொரு முறையும் வரைபடம் ஒரே பக்கம் சாய்ந்தால்: ஒரு சக்கரத்தில் முடி சுற்றி வேகம் குறைந்திருக்கும். கழற்றி எடுத்துவிட்டு, பழைய வரைபடத்தை அழித்துப் புதிதாகப் போடச்சொல்லுங்கள். பழையதன்மேலேயே ஓடவிட்டால், சாய்ந்த சுவர்களோடு சரியான சுவர்களைப் பொருத்தப் பார்த்து மறுபடி குழம்பும்.